சுந்தரபாண்டியின் மீசையும் இரட்டை சிலிண்டர் கம்ப்ரஸரும்

வாய் பெரிதாக இருப்பது குற்றமில்லை. ஆனால் அந்த வாய்க்கு மேலே மீசை வைத்திருப்பவன் கொஞ்சம் நிதானித்துப் பேச வேண்டும். திருச்சுழியில் உரக்கடை வைத்திருக்கும் சுந்தரபாண்டிக்கு மீசை இருந்தது, நிதானம் இல்லை.

மீசை என்றால் சாதாரண மீசை இல்லை. கன்னம் வரைக்கும் படர்ந்து, நுனி இரண்டும் முறுக்கிக்கொண்டு நிற்கும். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அதற்கு விளக்கெண்ணெய் தடவிவிடுவான். உரம் வாங்க வருகிற சம்சாரிகள்கூட யூரியா வந்துவிட்டதா என்று மீசையைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அப்படி ஒரு செல்வாக்கு அதற்கு.

வம்பு நரிக்குடியில் ஆரம்பித்தது. அவனுடைய தங்கை சுகப்பிரியாவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் பார்க்கப் போன இடத்தில், தாய்மாமன் சீர் எப்படி வரப்போகிறது என்று பேச்சு வந்தது. பெரியவர்கள் கிடாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் சுந்தரபாண்டி குறுக்கே விழுந்தான்.

“சீரு என் சொந்த ஜீப்புல வரும்.”

தங்கை புருஷன் இன்பராஜ் வெற்றிலையை மென்றபடி நிமிர்ந்தான். முறைக்காரன்; கேலி பேச உரிமை உள்ளவன். அந்த உரிமையை அவன் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

“எந்த ஜீப்பு மச்சான்? ஒங்க ஆடு ஏறிக் குட்டி போட்டுச்சே, அந்த ஜீப்பா?”

வீடு முழுக்கச் சிரிப்பு. சுகப்பிரியாகூடச் சிரித்தாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“சிரிங்க மாப்ள, நல்லாச் சிரிங்க. காதுகுத்து அன்னைக்கி அந்த ஜீப்பு ஒங்க வாசல்ல வந்து நிக்கலன்னா, பிள்ளைக்கி மொட்டை போடுற கத்தியாலயே என் மீசைய எடுத்துக்கிறேன்.”

“வந்து நின்னா என் மீசைய எடுத்துக்கிறேன்” என்றான் இன்பராஜ்.

இன்பராஜுக்கு மீசை என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைக்காதவன் போலத்தான் இருப்பான். ஆகவே அந்தப் பந்தயத்தில் யாருக்கு நட்டம் என்பது அப்போதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, சுந்தரபாண்டியைத் தவிர.

அந்த ஜீப்பு காரியாபட்டியில் ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் பல வருடமாக வெயிலில் கிடந்தது. பழைய இரும்புக்காரன் தூக்குவதற்கு முன்னால் இவன் முந்திக்கொண்டான். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஆட்டுக் கொட்டத்தைக் காலி செய்து, தகரம் மாற்றி, தரைக்குச் சிமெண்ட் பூசி, அதற்கு கேரேஜ் என்று பெயர் வைத்தான். பெயர் மாறியது ஆடுகளுக்குத் தெரியாது. அவை வழக்கம்போல வந்து படுத்தன, இப்போது சீட்டில்.

மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து எஞ்சினை ஓட வைத்தாயிற்று. ஆனால் நாலு சக்கரமும் பிரேக் இறுகிப்போய்ச் சுற்ற மறுத்தன. சக்கரத்தைக் கழற்றினால்தான் பிரேக்கைப் பார்க்க முடியும். கழற்றலாம் என்றால் நட்டு ஒவ்வொன்றும் துருவேறிப் போல்ட்டோடு ஒட்டிக் கிடந்தது. சுந்தரபாண்டி ஸ்பேனர் போட்டுப் பார்த்தான். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி அதன் மேல் ஏறிக் குதித்தும் பார்த்தான். நட்டு அசையவில்லை, இடுப்பு அசைந்துவிட்டது.

படுத்துக்கிடந்த நாட்களில் போனில் வீடியோ பார்த்தான். எங்கோ ஒரு வெள்ளைக்காரன், சோறு போட்டுச் சாப்பிடலாம் போன்ற தரையில் நின்றுகொண்டு, காற்றில் ஓடும் துப்பாக்கி ஒன்றை நட்டில் வைத்து அழுத்தினான். டர்ரென்று ஒரு சத்தம். நட்டு கழன்று கையில் விழுந்தது. சுந்தரபாண்டி அதையே திரும்பத் திரும்பப் பார்த்தான். அடுத்த வாரம், இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினான்.

சென்னய்யாவின் கடையில் கம்ப்ரஸர்கள் வரிசையாக நின்றன. சென்னய்யா நெசவுக் குடும்பத்துக்காரர். தறியை விட்டு மெஷின் வியாபாரத்துக்கு வந்தவர். இவனைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி:

“எத்தன அடி போருண்ணே?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பக்கத்தில் கம்ப்ரஸர் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீருக்குத்தான் வருவார்கள். மோட்டார் போட்டால் எரிந்துபோகிற அளவுக்கு வற்றிய ஆழ்குழாய்க் கிணற்றில் காற்றுக் குழாயை இறக்கி, அடியில் கிடக்கும் கொஞ்சநஞ்சத் தண்ணீரைக் காற்றாலேயே மேலே தள்ளிக் கொண்டுவருவார்கள்.

“போருக்கு இல்லங்க. காத்துக்கு.”

“காத்துக்கா? நம்ம ஊர்ல காத்துக்கா பஞ்சம்?”

சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்த மகள் ஹேமலதாவிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சுந்தரபாண்டிக்குத் தெலுங்கு தெரியாது. தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்துகொள்ள அது தேவைப்படவும் இல்லை.

அவன் ஜீப்பின் கதையைச் சொன்னான், மீசைப் பந்தயத்தை மட்டும் விட்டுவிட்டு. சென்னய்யா சீரியஸானார். பச்சைப் பிள்ளையைப் போல் தூக்கிவிடக்கூடிய சின்னது ஒன்றைக் காட்டினார். பைக்குக்குக் காற்றடிக்கலாம், அவ்வளவுதான் என்றார். அடுத்ததில் டேங்க் பெரிதாக இருந்தது. சுந்தரபாண்டி அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்தான். ணங்கென்றது. பிடித்துப்போயிற்று.

“டேங்க்கப் பாத்து மயங்காதீக. கண்மாய் பெருசா இருந்து என்ன செய்ய, வரத்து வேணும்ல? இது ஒத்த சிலிண்டரு. நட்டுக் கழத்துற ஒங்க இம்பாக்ட் கன்னு குடிக்கிற வேகத்துக்கு இதால காத்து ஊத்த முடியாது. ரெண்டு நட்டக் கழத்திட்டு, டேங்க்கு ரொம்புற வரைக்கும் சும்மா ஒக்காந்திருக்கணும்.”

“ஒக்காந்திருக்கிற சோலி நமக்கு ஆகாது” என்று சுந்தரபாண்டி மீசையை முறுக்கினான்.

“அப்ப ரெட்ட சிலிண்டரு எடுங்க. மூணு ஹெச்பி. இதத்தான் போருக்கும்…”

“போரப் பத்திப் பேசாதீக.”

“சரி, பேசல.”

துப்பாக்கிகளுக்கு வந்தார்கள். நட்டுக் கழற்ற இம்பாக்ட் கன், பெயிண்ட் அடிக்க ஒன்று, தூசி ஊத ஒன்று. இரும்பு தேய்க்கிற, காற்றில் ஓடும் கிரைண்டர் மீது சுந்தரபாண்டிக்குக் கண் போயிற்று. சென்னய்யா தலையை ஆட்டினார். அது டேங்க்கையே குடித்துத் தீர்த்துவிடும், வீட்டுக்குக் கரண்டில் ஓடும் கிரைண்டரே போதும் என்றார். வியாபாரி ஒருவர் வேண்டாம் என்று சொல்லிக் கேட்பது அவனுக்குப் புதிதாக இருந்தது. தன் கடையில் அவன் யாரிடமும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

“நட்டு மேல மாட்டுற சாக்கெட்டு மட்டும் இம்பாக்ட்டுக்குன்னு வார கறுப்பு சாக்கெட்டா வாங்கிருங்க. சாதா சாக்கெட்டு வெடிச்சு மூஞ்சியில அடிச்சிரும்.”

சுந்தரபாண்டியின் கை தானாக மீசைக்குப் போயிற்று. கறுப்பு சாக்கெட்டையே வாங்கினான்.

“அப்புறம், சாயங்காலம் சாயங்காலம் டேங்க்குக்கு அடியில இருக்கிற திருகத் தொறந்து தண்ணிய வெளிய விட்றணும். காத்துல இருக்கிற ஈரம் உள்ள சேரும்.”

“எங்க ஊருல மேகத்துலயே தண்ணி இல்ல. இதுலயா சேரப்போகுது?” என்றான் சுந்தரபாண்டி.

லோடு ஆட்டோவில் கம்ப்ரஸர் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது, அவன் மனைவி தங்கலட்சுமி இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகக் குழாயடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். தெருக்குழாயில் தண்ணீர் வருவது சாமி வருவதைப் போலத்தான். எப்போது வரும், யார் மேல் வரும் என்று சொல்ல முடியாது.

“என்னங்க இது?”

“கம்ப்ரஸரு.”

“என்னத்துக்கு?”

“நட்டுக் கழத்த.”

அவள் குடங்களைக் கீழே வைத்தாள். பேசாமல் நிற்கிற பெண்டாட்டிக்கு முன்னால் சும்மா நின்றிருந்தால் அவன் பிழைத்திருப்பான். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும்.

“சாதாரண மெசினுன்னு நெனச்சியா லட்சுமி? ரெட்ட சிலிண்டரு! இது தள்ளுற தள்ளுக்கு, முந்நூறு அடிக்குக் கீழ கெடக்குற தண்ணிகூட அலறிக்கிட்டு மேல வந்துரும்!”

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு கொல்லைப்புற மூலையைப் பார்த்தாள். அங்கே, இரண்டு தடவை மோட்டார் எரிந்தபிறகு, கல்லை வைத்து மூடிவிட்ட போர்க்குழாய் நின்றது. பெருமை பேசும்போது பெண்டாட்டியின் கண் எங்கே போகிறது என்று ஆண்கள் கவனித்தால் நாட்டில் பாதி வம்பு குறைந்துவிடும். சுந்தரபாண்டி ஆட்டோவிலிருந்து சாக்கெட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

சில நாள் அவனுக்குச் சொர்க்கம்தான். கடையை மத்தியானமே சாத்திவிட்டு ஓடிவந்தான். வருடக்கணக்கில் அசையாத நட்டுகள் டர்ரென்று கழன்று விழுந்தன. தூசித் துப்பாக்கியால் ஜீப்பை ஊதினான், சுவரை ஊதினான், கடைசியில் சீட்டில் படுத்திருந்த ஆட்டின் காதிலும் ஊதினான். அந்த ஆடு அன்றைக்குப் பூராவும் வீட்டுப் பக்கம் வரவில்லை. முன்பக்கச் சக்கரங்கள் இரண்டும் கழன்று, பிரேக் சரியாகி, திரும்ப மாட்டியாயிற்று. இன்பராஜின் உதட்டை எப்படி வழிப்பது என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டான்.

அப்புறம் ஒருநாள் கடையிலிருந்து வந்தால் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. ஹோஸ் கேரேஜில் இல்லை. அது கொல்லைப்புறம் போய்ப் போர்க்குழாய்க்குள் இறங்கியிருந்த காற்றுக் குழாயோடு இணைந்திருந்தது. பிளம்பர் சின்னத்துரை கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“வந்துட்டீகளா? அக்காதான் கூப்பிட்டாக. நீங்கதான் தண்ணி வரும்னு சொன்னீகளாமே?”

அவன் பதில் சொல்வதற்குள் குழாய் இருமியது. காறியது. சேற்றைத் துப்பியது. பிறகு தண்ணீர் வந்தது, காற்றும் தண்ணீருமாகக் கொப்பளித்துக் கொப்பளித்து. தங்கலட்சுமி முன்னால் நின்றதால் தலை முதல் கால் வரை நனைந்துபோனாள். நனைந்தபடியே சிரித்தாள். கல்யாணமான புதிதில் ஒருதடவை அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்திருக்கிறான். எதற்கென்று இப்போது ஞாபகமில்லை. சுந்தரபாண்டிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பின்சக்கரம் இரண்டையும் நினைத்தபோது அழுகையும் வந்தது.

அடுத்த நாளே தெருவெல்லாம் குடங்கள் வரிசை கட்டிவிட்டன. ஊற்று மெதுவாகத்தான் ஊறும், மெஷின் நாளெல்லாம் ஓடினால்தான் எல்லாக் குடமும் நிறையும். அவன் ஹோஸைப் பிடுங்கக் கொல்லைக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தி குடத்தோடு நிற்பாள்.

எதிர்வீட்டு ஒச்சம்மாள் ஒருநாள், “ஏப்பா சுந்தரம், ஒன் மீச முக்கியமா, எங்க கஞ்சி முக்கியமா?” என்று கேட்டாள். பந்தயத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நரிக்குடிக்கும் திருச்சுழிக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸில் ஆட்கள் மட்டுமா ஏறுகிறார்கள்? பேச்சும் ஏறித்தான் வருகிறது.

கிடைத்த இடைவெளியில் மூன்றாவது சக்கரத்தையும் எப்படியோ முடித்துவிட்டான். பெயிண்ட் ஜீப்பின் இடது பக்கத்தோடு நின்றுபோனது. பாதியில் ஹோஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இடது பக்கம் பார்த்தால் புதுமாப்பிள்ளை, வலது பக்கம் பார்த்தால் பிச்சைக்காரன். போகட்டும், பந்தயம் வந்து நிற்பதற்குத்தானே, அழகுக்கு இல்லையே. மிச்சம் ஒரே ஒரு சக்கரம், ஐந்து நட்டு. அதைக் காதுகுத்து அன்றைக்கு விடிந்ததும் முடித்துவிடலாம் என்று வைத்திருந்தான்.

சீர் தூக்க வரும் பங்காளிகள் முதல்நாளே வந்து வீட்டில் குவிந்துவிடுவார்கள் என்பதை அவன் மறந்துபோனான். விடிந்தபோது கொல்லைப்புறம் முழுக்க ஆட்கள். வற்றாத தண்ணீரைக் கண்ட சந்தோஷத்தில் ஒவ்வொருவரும் கல்யாணக் குளியல் குளித்தார்கள். பெரியப்பா கருத்தப்பாண்டி இரண்டாம் தடவையாகச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

சுந்தரபாண்டி பதுங்கிப் போனான். ஹோஸைக் கழற்றினான். கேரேஜுக்கு ஓடிப்போய்த் துப்பாக்கியில் மாட்டினான். ஒன்று கழன்றது. இரண்டு. மூன்று.

“ஏலே! தண்ணி நின்னுருச்சுடா! கண்ணு எரியுது!”

நாலு. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு, உடம்பெல்லாம் நுரையோடு, துண்டைப் பிடித்தபடி கைக்கு வந்ததைத் தடவிக்கொண்டு வந்தார். கைக்கு வந்தது ஆடு. ஆடு துள்ள, பெரியப்பா உட்கார, துண்டு தனியாகப் போயிற்று. பின்னால் வந்த பங்காளிகளும் சோப்புக் கண்ணோடு அவரை மிதித்துக்கொண்டு வந்தார்கள். சுந்தரபாண்டி ஐந்தாவது நட்டில் துப்பாக்கியை அழுத்தினான். அது வளைந்து கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வந்துவிடும் போலவும் இருந்தது.

வாசலில் தங்கலட்சுமி நின்றாள். பாதி கட்டிய பட்டுச்சேலை. அவள் கத்தவில்லை.

“சனமெல்லாம் சோப்போட நிக்குதுங்க.”

“இன்னும் ஒரே ஒரு நட்டு லட்சுமி.”

“நல்ல நேரத்துக்கு அங்க போகணும். தாய்மாமன் போகாமப் பிள்ளைக்கிக் காது குத்த முடியாது.” அவள் கையை நீட்டினாள்.

அவன் ஹோஸைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

சீர் டிராக்டரில் போனது. வழியெல்லாம் சீமைக்கருவேலம். டிரெய்லரில் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த சுந்தரபாண்டி மீசையைத் தடவிக்கொண்டே வந்தான். நரிக்குடியில் மேளம் கொட்டி வரவேற்றார்கள். இன்பராஜ் மாலையோடு வந்து, டிராக்டரைத் தாண்டி ரோட்டை எட்டிப் பார்த்தான்.

“ஜீப்பு பின்னால வருதா மச்சான்?”

பந்தல் சிரித்தது. சுந்தரபாண்டி தங்கை மகளை மடியில் வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தான். நாவிதர் மொட்டை போட்டார். பிள்ளை வீறிட்டது. காது குத்தும்போது இன்னும் வீறிட்டது. எல்லாம் முடிந்து பிள்ளையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, அவன் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“எனக்கும் எடுத்துவிடுங்க” என்றான் நாவிதரிடம். “மீசைய மட்டும்.”

நாவிதர் கத்தியைப் பிடித்தபடி திகைத்து நின்றார். இன்பராஜ் பாய்ந்து வந்து பக்கத்தில் குந்தி, காதோடு காதாகப் பேசினான்.

“மச்சான், அவசரப்படாதீக. வத்திப்போன போருல தண்ணி கொட்டுதாமே? இங்க என் தோப்புல தென்னங்கன்னு பூராம் கருகுது. அந்த மெசின எனக்குக் குடுத்துருங்க. ஜீப்பு நல்லாத்தான் வந்துச்சு, பாதி வழியில டயரு வெடிச்சிருச்சு, நானே கண்ணால பாத்தேன்னு பந்தல்ல எந்திரிச்சுச் சொல்லிர்றேன். மீசையும் இருக்கும், மருவாதையும் இருக்கும்.”

சுந்தரபாண்டி நிமிர்ந்து பார்த்தான். பந்தலில் பெண்கள் பக்கம் தங்கலட்சுமி உட்கார்ந்திருந்தாள். குளித்த தலை இன்னும் காயவில்லை. பூவின் பாரத்தில் ஈரக்கூந்தல் சரிந்து கிடந்தது. கூட வந்திருந்த ஒச்சம்மாளிடம் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். குடம் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் இடுப்பில் கறுத்துப்போன தடம் ஒன்று உண்டு. அது கொஞ்ச நாளாக வெளுத்து வருவதை அவன் பார்த்திருக்கிறான். அவனுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். இத்தனை வருடத்தில் ஒருதடவைகூட அதைச் சொன்னதில்லை. மீசை வைத்தவர்கள் அதையெல்லாம் சொல்கிற வழக்கமில்லை.

“மெசினு என்னோடது இல்ல மாப்ள” என்றான். பிறகு நாவிதரைப் பார்த்து முகத்தைத் தூக்கிக் கொடுத்தான். “நீங்க வழிங்க.”

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஒரு பக்கம் போனது. மறு பக்கமும் போனது. மேலுதடு வெயில் படாத இடம்போல வெளுத்துக் கிடந்தது. மொட்டைத் தலையோடு தாயின் தோளில் கிடந்த பிள்ளை அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, யாரோ என்று நினைத்துப் புதிதாக அழ ஆரம்பித்தது.

தங்கலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் முகம் கறுத்து நின்ற இன்பராஜையும் பார்த்தாள். அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“மெசினக் கேட்டாகளா?”

“ம்.”

“குடுக்கலயா?”

அவன் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான். முதலில் சிரிக்கத்தான் செய்தாள்.

“நாளைக்கிப் பூராவும் மெசினு ஒங்களுக்கு” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “நான் குழாயடிக்குப் போயிக்கிறேன். அந்த ஒத்த நட்டக் கழத்திருங்க.”

“நீ எங்கயும் போக வேணாம்” என்றான் சுந்தரபாண்டி. “ஜீப்பு எங்க ஓடியா போகப்போகுது? கெடக்கட்டும் அது.”